சந்தனம் வைத்த டேப்புகள்

விஜயதசமியன்று குழந்தை எதை எழுதினாலும் அது ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று எங்கள் வீட்டில் திடமான நம்பிக்கை. அரிசியில் என் விரலை அழுத்தித் தேய்த்ததெல்லாம் முடிந்து நான் இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். ஆனாலும் வருஷா வருஷம் அன்றைக்கு எதையாவது எழுதியாக வேண்டும். அந்த வருஷம் கம்ப்யூட்டர் டேப்பில் எழுதினேன். சித்தியின் ஏற்பாடு.

சித்தி அம்பத்தூர் எஸ்டேட்டில், பிளாஸ்டிக் சாமான்களுக்கு அச்சு செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டாள். பெண்பிள்ளைக்கு எஸ்டேட்டில் என்ன வேலை என்று தாத்தா தினமும் கேட்பார். ஒரே ஒரு புகார் வந்தால் போதும், மறுநாளே நிறுத்திவிடுவார். அச்சுகளின் வரைபடங்கள் எல்லாம் ஒரு பெரிய கம்ப்யூட்டரில் இருந்தன. அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் உதவட்டும் என்று அவற்றை டேப்பிலும் ஏற்றி வைப்பது சித்தியின் பொறுப்பு. டேப் ஓட்டும் பெட்டி ஒரு சின்னக் கம்ப்யூட்டரோடு தனியாக இருந்தது. ஆரம்பத்துக்குத் திரும்பு, முன்னே போ, வெளியே வா, எல்லாமே கறுப்புத் திரையில் டைப் செய்துதான் அதற்குச் சொல்ல வேண்டும். சித்தி தட்டுவாள், பெட்டி முனகிக்கொண்டே கீழ்ப்படியும். சித்தி சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்ட ஒரே பிறவி அதுதான்.

ஆயுத பூஜைக்கு லேத்திலிருந்து துடைப்பம் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். சரஸ்வதி படத்தின் முன்னால் இரண்டு டேப்புகள் இருந்தன. ஒன்றில் முந்தின நாள் சித்தி ஏற்றிய அத்தனை வரைபடங்களும் இருந்தன, மற்றது புத்தம்புதுக் காலி டேப். பூஜை உற்சாகத்தில் யாரோ இரண்டிலும் சரியாக லேபிளின் மேலேயே சந்தனத்தை அப்பி எழுத்தைக் கலைத்துவிட்டார்கள்.

பூஜையில் வைத்த எதையும் விஜயதசமியன்று கொஞ்சமாவது ஓட்ட வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். லேத்தில் ஒரு துண்டு கடைந்தார்கள். தராசில் ஒரு தேங்காயை நிறுத்தார்கள். டேப்பின் முறை வந்ததும், சித்தியோடு போயிருந்த என்னைக் காட்டி, பாப்பா கையால் ஏதாவது எழுதட்டும் என்றார். சித்தி காலி டேப் என்று நினைத்ததை எடுத்து, துப்பட்டா நுனியால் துடைத்து, பெட்டிக்குள் தள்ளினாள். நான் என் பெயரை டைப் செய்தேன். அதை டேப்பில் ஏற்றும் கட்டளையையும் அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, தேடித் தேடித் தட்டினேன். எண்டரை அழுத்தியதும் எல்லோரும் கைதட்டிவிட்டுச் சுண்டல் பக்கம் திரும்பினார்கள், சித்தியும்தான். திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றதை நான் மட்டும் பார்த்தேன். அது எனக்குப் புரியவில்லை. ஆனால் பெட்டி முனகவே இல்லை. எனக்குப் படிப்பு ஏறாது என்பது உறுதியாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் பெரிய கம்ப்யூட்டரைப் போட்டார்கள். அது எழவில்லை. பூஜைக்காக அணைத்ததோடு டிஸ்க் போய்விட்டிருந்தது. சித்தி பதறவில்லை, டேப் இருக்கிறதே. மீதி இருந்த டேப்பைப் போட்டுப் பார்த்தாள். அது காலி. அப்போதுதான் அவள் முகம் வெளுத்தது. டேப்பின் ஆரம்பத்தில் ஒரு வார்த்தை புதிதாக எழுதினாலும், டேப் அங்கேயே முடிந்தது என்று பெட்டி எடுத்துக்கொள்ளுமாம். அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் இருந்தும் பிரயோஜனமில்லை.

"இன்னாம்மா, டேப்புல எல்லாம் கீதுன்னு சொன்னியே?" என்றார் முதலாளி. அவர் கத்தியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

சித்தி நான் எழுதிய டேப்பை மறுபடி உள்ளே தள்ளினாள். ஆரம்பத்துக்குத் திரும்பச் சொன்னாள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க, தப்பாக அடித்து, அழித்து அடித்தாள். பெட்டி முனகியது. என் பெயர் வருமென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. வாளி, மூடி, சீப்பு, டிபன் டப்பா என்று வரைபடங்களின் பெயர்கள் நிற்காமல் ஓடின.

சித்தி டேப்பை வெளியே எடுத்து அதன் மூலையைத் தடவிப் பார்த்தாள். மேற்கொண்டு எதுவும் பதியாமல் தடுக்க அங்கே ஒரு சின்னத் தாழ்ப்பாள் உண்டு. வரைபடங்களை ஏற்றியதும் அதைத் தள்ளிப் பூட்டுவது அவளுக்குக் கைப்பழக்கம், பூட்டியதே நினைவில்லை.

"பாப்பா எழுதினது ஏறவே இல்ல சார். எல்லாம் அப்படியே இருக்கு" என்றாள்.

முதலாளி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து சரஸ்வதியைப் பார்த்துக் கும்பிட்டார். நான் எழுதியபோது தட்டியதைவிட, எழுதாமல் போனதற்குப் பலமாகக் கைதட்டினார்கள். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

பருத்திப்பட்டுக்குத் திரும்பும் ஷேர் ஆட்டோவில் சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என் படிப்பை நினைத்துத்தான் அழுகிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருஷம் கண்டிப்பா எழுதிடறேன் சித்தி, அழாதே" என்றேன்.

"வேணாண்டி என் ராசாத்தி" என்று அவள் என்னை இழுத்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். சிரிப்பும் அழுகையுமாக அவளுக்கு அடங்கவே இல்லை. பாவம், அதிர்ச்சி போலிருக்கிறது என்று நினைத்து, வீடு போய்ச் சேரும்வரை நான்தான் அவளைத் தேற்றிக்கொண்டு வந்தேன்.