இரண்டு கார்புரேட்டரும் அரை லிட்டரும்

போன வாரம் காலையில் பால் பாக்கெட் வாங்கக் கீழே இறங்கினேன். எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு சின்ன விசாரணை நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது மாடிப் பெண் தன் காரில் என்னென்னவோ மாற்றி வைத்திருக்கிறாள். அகல டயர், தடித்த சைலன்சர், எஞ்சினில் ஏதோ கம்ப்யூட்டர் திருத்தம். அதில்தான் தினமும் வேலைக்குப் போய் வருகிறாள். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றவளைக் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளரும் இன்னும் இரண்டு பேரும் சூழ்ந்திருந்தார்கள். "மைலேஜ் என்னம்மா குடுக்குது?" என்றார் செயலாளர். அவள் ஏதோ சொன்னாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் 'த்சொ' கொட்டினார்கள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "அவ பெட்ரோலுக்கு நீங்களா சார் காசு குடுக்கறீங்க?" என்று கேட்டுவிட்டேன். செயலாளர் அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறிப் போகிறார். அந்தப் பெண்ணுக்கும் இந்தக் கிழவி ஏன் நடுவில் பாய்ந்தாள் என்று புரிந்திருக்காது. உங்களுக்குச் சொல்கிறேன். திறந்த பானெட்டிலிருந்து வந்த பெட்ரோல் வாசனையும் அந்த 'த்சொ'வும் சேர்ந்து என்னை ஐம்பது வருடம் பின்னால் தள்ளிவிட்டன.

எழுபதுகளின் தொடக்கத்தில் என்னிடமும் அப்படி ஒரு கார் இருந்தது. கரும்பச்சை ஃபியட். உண்மையில் அது அண்ணனுடையது. சோழவரத்துப் பந்தயத்தில் ஓட்ட வேண்டும் என்ற வெறியில், ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டை மாட்டி, சிலிண்டர் ஹெட்டைச் சீவிச் சன்னமாக்கி, புகைக் குழாயைத் தடிமனாக்கி வைத்திருந்தான். இரண்டு முறை ஓட்டினான், இரண்டு முறையும் கடைசியில் வந்தான். பிறகு கப்பல் எஞ்சினியராகக் கிளம்பிப் போனபோது சாவியை என் கையில் கொடுத்து, "யார் சொன்னாலும் ரெண்டுல ஒண்ணக் கழட்டிராத" என்றான். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தாம்பரம் கிழக்கில், ராஜகீழ்ப்பாக்கம் போகிற சாலையில், வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்.

நான் மேடவாக்கம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிக டீச்சர். பஸ் உண்டு. வரும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதை நம்பி முதல் மாதத்தில் ஒன்பது நாள் பிரேயருக்குப் பிறகு போய், ஹெட்மிஸ்ட்ரஸிடம் எழுத்தில் ஒரு எச்சரிக்கையும் வாங்கினேன். அப்புறம்தான் பந்தயக் காரை எடுத்தேன். செம்பாக்கம் ஏரியைத் தாண்டும்போது அது போடுகிற சத்தத்தில் கொக்குகள் எழுந்து பறக்கும். வெகு தூரத்திலேயே சத்தம் கேட்டுப் பிள்ளைகள் ஒழுங்காக உட்கார்ந்துவிடுவார்கள். கண்டிப்பான டீச்சர் என்று எனக்கு அங்கே ஒரு பெயர் உண்டு. அதில் பாதி சைலன்சருக்குச் சேர வேண்டியது.

அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் கார் ஓட்டுகிற பெண் அபூர்வம். பெட்டிக்கடை வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் யாரும் பார்க்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வேன். எதிர்வீட்டுக் கருங்கல் தூணுக்கு அது தெரியும்.

அரபு நாட்டுச் சண்டைக்குப் பிறகு பெட்ரோல் விலை ஒரே தாவாகத் தாவியதே, அந்த வருடம்தான் வம்பு ஆரம்பித்தது. அக்காவின் கணவர் சாமுவேல் அத்தான் மேற்குத் தாம்பரத்தில் இருந்தார். நல்ல மனிதர். அப்பா இல்லாத வீட்டுக்குத் தானே அப்பா என்று நினைத்துக்கொண்டவர். அதில் பாதிப் பாசம், பாதி அதிகாரம். அவரிடம் ஒரு அம்பாசடர் இருந்தது. சரிவு எங்கே வந்தாலும் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டே போவார். பெட்ரோலை மிச்சம் பிடிப்பதில் அவர் ஒரு ஞானி என்று அவருக்கே ஒரு எண்ணம்.

"ரெண்டு கார்புரேட்டர்னா ரெண்டு வாய். ஒரு வாய்க்கே ஊத்த முடியல" என்றார். ஒருநாள் என் காரை வாங்கிக்கொண்டு போய் அவரே ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்து, "இது கார் இல்ல, ஓட்டைக் குடம். குரோம்பேட்டையில ஒரு ஆள் கேட்டிருக்காரு, குடுத்துருவோம்" என்றார்.

"அப்ப நான் ஸ்கூலுக்கு எதுல போறது?"

"எதுக்குப் போகணும்? கல்யாணம் ஆகிறவரைக்கும் வீட்டுல இரு."

இதுதான் விஷயம். காரை விற்றால் வேலை போகும். வேலை போனால் நான் சமையலறைக்குப் போக வேண்டும். பெட்ரோல் என்கிற வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் பேசியது முழுக்க என்னைப் பற்றித்தான். எனக்கு ரத்தம் கொதித்தது. அதைவிட எரிச்சல், அந்த வாரம் கார் நிஜமாகவே திணறியது. ஏரிக்கரை ஏற்றத்தில் இருமியது, குதித்தது. எவ்வளவு ஊற்றினாலும் போதவில்லை. அத்தான் சொன்னது சரிதானோ என்று ஒரு கணம் தோன்றி, அப்படித் தோன்றியதற்காக என் மேலேயே கோபப்பட்டேன்.

அத்தான் பேசும்போது அம்மா முறுக்குத் தட்டை நகர்த்தி வைத்தாள், அவ்வளவுதான். அவர் போன பிறகு அம்மாவிடம், "உங்க எல்லாருக்கும் நான் வீட்டுல அடைஞ்சு கிடந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டேன். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

மறுநாள் அத்தானிடம் போய்ச் சொன்னேன். "உங்க காரும் என் காரும் ஒரே அளவு பெட்ரோல்ல ஓடட்டும். எது முன்னாடி தீர்ந்து நிக்குதோ அதை விப்போம்." அத்தான் சிரித்தார். தன் கார் நிற்கும் என்று அவருக்குக் கனவிலும் வராது. "என் காரை எதுக்கு விக்கிறது? உன்னுது முன்னாடி நின்னா விப்போம். என்னுது நின்னா நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலிலிருந்து கிளம்புவது என்று முடிவாயிற்று.

மைலேஜ் பார்க்கத் தாம்பரத்து மெக்கானிக்குகளிடம் ஒரு வழி இருந்தது. டேங்க்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிடுவார்கள். ஆஸ்பத்திரி சலைன் பாட்டிலில் பெட்ரோலை அளந்து ஊற்றி, ஒரு ரப்பர் குழாயால் நேராக கார்புரேட்டருக்குக் கொடுப்பார்கள். முன் இருக்கையில் ஒரு ஆள் அந்தப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். பாட்டில் காலியானால் வண்டி நின்றுவிடும். எங்கே நின்றது என்று பார்த்தால் போதும். எங்கள் மெக்கானிக் கன்னியப்பன் இரண்டு பாட்டில் கொண்டுவந்தார். அளப்பதற்கு நான் பள்ளிக்கூட லேபிலிருந்து கண்ணாடி அளவு ஜாடி எடுத்துவந்தேன். ஆளுக்கு அரை லிட்டர். குனிந்து, கண்ணை அளவுக்கோட்டுக்கு நேராக வைத்துப் பார்த்து ஊற்றினேன். சபையார் பைபிளும் கையுமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். போதகர்கூட அங்கியைக் கழற்றாமல் வந்துவிட்டார்.

கன்னியப்பன் என் காரின் பானெட்டைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார். என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தார்.

"இன்னா கன்னியப்பன்?" என்றேன். அவரோடு பேசிப் பேசி அந்த 'இன்னா' எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"டீச்சர், கோச்சுக்காத. போன வாரம் அம்மாதான் வந்து, ரெண்டுல ஒண்ண அடைச்சுடு, பாதி பெட்ரோல் மிச்சமாவும்னாங்கோ. நான் வாணாம்னுதான் சொன்னேன். கேக்கல. உள்ளே தகரம் வெச்சு அடைச்சுக்கீது."

எட்டிப் பார்த்தேன். பின்னால் இருந்த கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் பிஸ்கட் டின் தகரத்தின் விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டுக்கென்றே திருத்திய எஞ்சினில் நாலு சிலிண்டரும் ஒரே கார்புரேட்டரில் மூச்சுவிட்டால் வண்டி இருமாமல் என்ன செய்யும்? இழுக்கவில்லையே என்று நான் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் பெட்ரோல்தான் கரைந்திருக்கிறது. அத்தான் ஓட்டிப் பார்த்ததும் அந்தக் கோலத்தில்தான்.

"ஏம்மா இப்படிச் செஞ்சீங்க?" என்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே கேட்டேன், பாவி.

அம்மா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். "ரெண்டு ஸ்டவ் எரியுதுன்னா ஒண்ண அணைச்சாச் சீமத்தண்ணி மிச்சமாகும்லா? அப்படித்தான் நெனச்சேன் பிள்ள. கம்மியாக் குடிச்சா உன் அத்தான் விக்கச் சொல்ல மாட்டாருன்னு."

அம்மா அத்தான் பக்கம் என்று நான் ஒரு வாரமாக முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லாமல், அறுபது வயதில், தனியாக மெக்கானிக் ஷெட்டுக்கு நடந்து போய் நின்றிருக்கிறாள். நான் அழவில்லை. சபையார் முன்னால் அழுதால் பந்தயத்தில் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று வீம்பு.

கன்னியப்பன் நட்டுகளைக் கழற்றித் தகரத்தை உருவி எறிந்தார். பதினைந்து நிமிடம் ஆயிற்று. எஞ்சின் மறுபடி பழைய குரலில் உறுமியபோது போதகர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். அத்தான் காரில் கன்னியப்பன் பாட்டிலோடு ஏறினார். என் காரில் யார் என்று நான் திரும்புவதற்குள் அம்மா முன் கதவைத் திறந்து உட்கார்ந்து பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

ஜி.எஸ்.டி. ரோடு அன்றைக்கு எங்களுக்கென்றே போட்டது போலக் கிடந்தது. இரண்டு பக்கமும் புளியமரம். எதிரில் எப்போதாவது ஒரு லாரி. நான் டாப் கியரில் போட்டு, பாதத்தைப் பூ மாதிரி வைத்துக்கொண்டேன். சீவிய ஹெட்டும் இரண்டு கார்புரேட்டரும் வேகத்துக்கு மட்டுமானவை என்று எல்லோரும் நினைத்தார்கள். விரட்டாமல் ஓட்டினால் அதே எஞ்சின் கொஞ்சம் பெட்ரோலிலேயே நன்றாக இழுக்கும். பௌதிகம் படித்தவள் என்கிற திமிரோடு அதை நம்பினேன். நிரூபித்ததில்லை என்பதும் நினைவிலிருந்தது.

ஒரு சரிவு வந்தது. அத்தான் வழக்கம்போல எஞ்சினை அணைத்து, சத்தமே இல்லாமல் எங்களைத் தாண்டி உருண்டு போனார். ஜன்னல் வழியாகக் கை வேறு ஆட்டினார்.

"முந்திட்டாரே பிள்ள."

"முந்தட்டும்மா. நீங்க பாட்டிலைப் பாருங்க."

"பாதி இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "கால்வாசி இருக்கு. போ." குழாய் மாட்டிய இடத்தில் கசிந்து அவள் முழங்கை வரை பெட்ரோல் வழிந்தது. கையை இறக்கவில்லை.

பெருங்களத்தூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் அம்பாசடர் நின்றிருந்தது. கன்னியப்பன் காலிப் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டிக்கொண்டு ரோட்டோரம் குதித்துக்கொண்டிருந்தார். அத்தான் எங்களைப் பார்க்காமல் டயரைப் பார்த்தார். நான் ஹார்ன் அடித்தேன். ஒரு முறை அல்ல, மரம் மறைகிறவரை அடித்தேன். மரியாதை இல்லைதான். அதற்காக இன்றுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

வண்டலூரை நெருங்கியதும் கார் இரண்டு தடவை விக்கி நின்றது. மிருகக்காட்சிசாலை வருவதற்கு முந்தைய வண்டலூர். வெறும் புதரும் வெயிலும். டிக்கியில் டின்னில் பெட்ரோல் இருந்தது. ஆனாலும் உடனே இறங்கத் தோன்றவில்லை.

"ஜெயிச்சிட்டோமா?" என்றாள் அம்மா.

"ஜெயிச்சிட்டோம்."

அம்மா பாட்டிலை மடியில் வைத்து, முழங்கையில் வழிந்ததைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "உனக்காக மட்டும் இல்ல பிள்ள. அப்பா போனப்புறம் எனக்கும் இது ஒண்ணுதான். மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போறியே, ஜன்னல் பக்கம் உக்காந்து வாறது. வித்துட்டா அதும் போயிரும்னு பயம்." இரண்டு வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தவளுக்கு அது பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. நான் கேட்டதே இல்லை.

அத்தான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். விற்கிற பேச்சை அப்புறம் எடுக்கவில்லை. நான் ஒரு வேலை செய்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆராதனை முடிந்ததும் அம்மாவை ஏற்றிக்கொண்டு கூடுவாஞ்சேரி வரை ஓட்டிப்போனேன். அங்கே எங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது, சொந்தக்காரர் கிடையாது. போவோம், ஆளுக்கொரு கலர் சோடா குடிப்போம், திரும்புவோம். அதுவும் பாதத்தைப் பூ மாதிரி வைத்துக்கொண்டு அல்ல. அம்மா "இன்னும் கொஞ்சம் வெரசாப் போயேன்" என்பாள், போவேன். பெட்ரோல் என்ன விலை விற்றாலும் போனோம். "இது அநியாயம், சுத்த வீண்" என்று அத்தான் தலையில் அடித்துக்கொள்வார்.

அந்த ரோட்டில் இப்போது புளியமரம் ஒன்றுகூட இல்லை. தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர் போவதற்குள் ஒரு சினிமாவில் பாதி பார்த்துவிடலாம். அண்ணன் திரும்பி வரவில்லை. உதிரிப் பாகம் கிடைக்காமல் போய், காரை நானே ஒருநாள் பிரித்து விற்கக் கொடுத்தேன். அதற்கடுத்த மழைக்காலத்தில் அம்மாவும் போய்விட்டாள். வேலை பார்த்து ஓய்வும் பெற்றாயிற்று, கார்களும் மூன்று நான்கு மாறிவிட்டன. எங்கே போகிறோம் என்று கேட்காமல் பக்கத்தில் ஏறி உட்கார மட்டும் ஆளில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எரித்ததெல்லாம் வீண் என்று அத்தான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆமாம், வீண்தான். நான்தான் போதிய அளவு வீணாக்கவில்லை.