இயந்திரம் நிற்க ஆகும் நேரம்

மாதேஸ்வரி வேலை பார்த்தது சூளகிரியில், தானியங்கி இயந்திரங்கள் செய்து கொடுக்கும் ஒரு சிறிய கம்பெனியில். இயந்திரத்தைக் கட்டுவதற்கு முன்பே அதைக் கணினியில் ஓடவிட்டுப் பார்ப்பதுதான் அவள் வேலை. அப்பா ஆஞ்சப்பன் பர்கூர் குவாரியில் கல் உடைத்தவர். அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் கிடையாது. அதைப் பற்றி அவள் ஆபீஸில் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருடம் தகடு அழுத்தும் பிரஸ் ஒன்று தயாரானது. அதன் முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை உண்டு. கை அதைத் தாண்டினால் சிக்னல் போகும், பிரஸ் நின்றுவிடும். கணினி மாடலிலும் அப்படியே நின்றது. பொம்மைக் கை திரையைத் தொட்ட கணமே பிரஸ் அசையவில்லை. அந்த 'கணமே'தான் அவளை உறுத்தியது. திறந்து பார்த்தாள். சிக்னல் தாமதம் என்ற கட்டத்தில் பூஜ்யம் இருந்தது.

நிஜத்தில் எவ்வளவு இருக்கும்? ஒரு மதிப்பாக 300 என்று போட்டாள். அந்தக் கட்டம் மில்லி செகண்டில் இல்லை, செகண்டில் இருந்தது. பிரஸ் ஐந்து நிமிடம் நிற்காமல் ஓடியது. பின்னால் நின்ற மேலாளர் ஆனந்தராஜ் சிரித்தார்.

"டிலேவை விடும்மா. மாடல்ல நிக்குதுல்ல, அது போதும். வர்ற வெள்ளிக்கிழமை மெஷின் போவணும்."

"இல்ல சார். அளந்து பாத்துட்டுச் சொல்றேன்."

அளக்கும் கருவி கம்பெனியில் இல்லை. செல்போனில் செகண்டுக்கு இருநூற்று நாற்பது படம் எடுக்கும் ஸ்லோமோஷனை வைத்தாள். திரையின் விளக்கு சிவப்பானதிலிருந்து பிரஸ் அசைவற்று நிற்கும்வரை படங்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். பத்து முறை எடுத்தாள். எழுபத்தேழுக்குக் கீழே இறங்கவில்லை, எண்பதைத் தாண்டவும் இல்லை. கிட்டத்தட்ட 0.33 செகண்ட்.

அதை மாடலில் போட்டு ஓடவிட்டாள். பொம்மைக் கை பிரஸ்ஸுக்குள் போனபோது அதன் மேல்பாகம் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. ஒளித்திரை பிரஸ்ஸிலிருந்து ஒரு அடி தூரத்தில் இருந்தது. இரண்டு அடிக்குக் குறையாமல் தள்ளி இருக்க வேண்டும்.

"திரை மாட்டியிருக்கற ஃபிரேமையே மாத்தணும்னு சொல்றியா?" என்றார் ஆனந்தராஜ். "எவ்ளோ நாள் ஆவும் தெரியுமா? கம்ப்யூட்டர்ல வர்ற பொம்மைக்காக?"

"டெஸ்ட் ரிப்போர்ட்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

 

அன்று அந்த பிரஸ்ஸைப் பழக, வாங்கும் கம்பெனியிலிருந்து முனிலட்சுமி வந்திருந்தார். குந்தாரப்பள்ளிக்காரர். பதினெட்டு வருடம் பிரஸ் ஓட்டியவர். மாதேஸ்வரி ஒரு பிவிசி குழாயைக் கொண்டுவந்து, மெஷினை ஓடவிட்டு, கை நீட்டும் வேகத்தில் திரைக்குள் நீட்டினாள். பிரஸ் நின்றது. குழாயின் முனை தட்டையாகியிருந்தது.

 முனிலட்சுமி குழாயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மெஷின்ல நான்தானே சார் உக்காரப் போறேன்?" என்று ஆனந்தராஜைக் கேட்டார்.

ஆனந்தராஜ் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மெஷின் எட்டு நாள் தாமதமாகும் என்று அவர் யாரிடமோ கெஞ்சுவது கதவு வழியாகக் கேட்டது.

ஃபிரேம் மாறியது. பெங்களூரிலிருந்து வரவழைத்த கருவியும் 0.33 என்றே காட்டியது. அவளை யாரும் பாராட்டவில்லை. மெஷினைப் பொருத்தப் போன குழுவில் அவள் பெயரும் இல்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து முனிலட்சுமியின் கம்பெனிக்குத் தானே போனாள்.

முனிலட்சுமி வேலையில் இருந்தார். முகம் மலரவில்லை.

"தகட்ட எட்டி எட்டி வெச்சி தோளு வுட்டுப்போவுது பாப்பா. இப்ப ரெண்டடி உள்ள போவணுமே."

மாதேஸ்வரிக்குச் சுருக்கென்றது. கையைக் காப்பாற்றும்போது தோளை நினைக்கவில்லை. அங்கேயே நின்று, முனிலட்சுமி எங்கே நிற்கிறார், எவ்வளவு வளைகிறார் என்று அளந்து குறித்துக்கொண்டாள். தகட்டை வெளியிலேயே வைத்தால் தானாக உள்ளே நகரும் தட்டு ஒன்று வேண்டும். அதற்கும் சிக்னல் உண்டு, தாமதம் உண்டு.

"ஒரு மாசம் பொறுத்துக்குங்கக்கா. செஞ்சி எடுத்துட்டு வர்றேன்."

திங்கட்கிழமை காலை முதல் ஆளாக ஆபீஸுக்குப் போய்ப் புதிய மாடலைத் திறந்தாள். சற்று நேரத்தில் ஆனந்தராஜ் வந்து எட்டிப் பார்த்தார்.

"செகண்டா, மில்லி செகண்டா? பாத்துப் போடு" என்றார்.

"பாத்துட்டேன் சார்" என்றாள்.