மீசை மேல் வைத்த பந்தயம்

தமிழ்நாட்டில் மீசை வைத்த ஆண்கள் எல்லாரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தால், இந்நேரம் மாநிலத்தில் ஒரு மீசை மிஞ்சியிருக்காது. "அது மட்டும் நடந்துச்சுன்னா நான் மீசையை எடுத்துடறேன்" என்பார்கள். அது நடக்கும். மீசை இருந்த இடத்திலேயே இருக்கும். யாரும் போய்க் கேட்கவும் மாட்டார்கள், அந்த அளவுக்கு நமக்குள் ஒரு தாட்சண்யம் உண்டு.

திருச்சி அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் வெல்டராக இருக்கும் பிச்சையும் அந்தத் தாட்சண்யத்தை நம்பித்தான் சொன்னார். ஒரு திங்கட்கிழமை காலை, இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்தது அவருடைய ஒரே மகள் ரஞ்சனி. டவுனில் ஒரு மகளிர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கல்லூரியின் பேஸ்பால் அணியில் இருந்தாள்.

"இந்த வருஷம் ஃபைனல்ல நான்தான்பா பிட்சர்" என்றாள். பந்து வீசுகிறவள் என்று அர்த்தம்.

"யாரோட?"

"வேற யாரு, தீவுக்காரங்களோடதான்."

தீவுக்காரர்கள் என்றால் ஸ்ரீரங்கம் பக்கத்துக் கல்லூரி. காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருப்பதால் டவுன் பெண்கள் வைத்த பெயர். ஆறு வருஷமாகக் கோப்பை ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று ஆட்டம், இரண்டில் ஜெயித்தவருக்குக் கோப்பை. போன ஆறு வருஷமும் மூன்றாவது ஆட்டத்துக்கு வேலையே இருக்கவில்லை.

"அவங்களை நீங்க ஜெயிச்சுட்டா நான் மீசையை எடுத்துடறேன்" என்றார் பிச்சை.

"தோத்துட்டா?"

"தோத்துட்டா இந்தப் பந்து விளையாட்டையெல்லாம் மூட்டை கட்டி வச்சிட்டு ஒழுங்காப் படி."

ரஞ்சனி எழுந்து கையைக் கழுவினாள். நேராகச் சுவரில் தொங்கிய காலண்டரிடம் போய், ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் பேனாவால் எழுதினாள்: "ஜெயிச்சா அப்பா மீசை. தோத்தா என் கிளவ்." கிளவ் என்றால் பந்து பிடிக்கக் கையில் மாட்டும் தோலுறை. அப்பா பக்கம் திரும்பிச் சிரித்தாள். எப்போதும்போல் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிச்சையும் சிரித்துவைத்தார். அடுக்களையில் அவர் மனைவி வள்ளிக்கண்ணு மட்டும் சிரிக்கவில்லை.

அவள் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது.

பிச்சை பிறந்தது பச்சைமலையில். அவருக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்காததால் பிச்சை என்று பெயர் வைத்தார்கள். குழந்தை தங்கியது, ஆனால் மேலுதடு மூக்குவரை பிளந்து பிறந்தது. கிரகணத்தன்று அவன் அம்மா மரவள்ளிக் கிழங்கை வெட்டினாள், அதனால்தான் வெட்டுப்பட்டது என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. அம்மா சாகும்வரை அதை நம்பினாள். மகன் முகத்தை நேராகப் பார்க்கும்போதெல்லாம் கண் கலங்குவாள். அதனாலேயே பையன் அவள் முன்னால் குனிந்தே நடந்தான். ஒன்பதாவது வயதில், திருச்சியில் நடந்த ஒரு முகாமில் தைத்தார்கள். பேச்சு சரியாக வந்தது. ஆனால் உதடு ஒரு பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டு நின்றது, மூக்குக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு தழும்பு. பள்ளிக்கூடத்தில் அவன் பெயர் பிச்சை இல்லை, மூளி. எட்டாவதோடு நின்றுவிட்டான்.

வெல்டிங் வேலைக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்டால், வேறு வேலை கிடைக்கவில்லை என்பார் பிச்சை. அது பாதி உண்மை. பதினாறு வயதில் மலையிறங்கி வந்தவன், அரியமங்கலத்தில் ஒருவர் முகத்துக்கு நேரே ஷீல்டைப் பிடித்துக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்தான். நாள் முழுக்க முகத்தை மறைத்துக்கொள்ளலாம், அதற்குக் கூலியும் கொடுப்பார்கள் என்று தெரிந்ததும் அங்கேயே நின்றுவிட்டான். அரும்பு மீசை வந்த நாளிலிருந்து அதை வளர்த்ததுதான் அவன் செய்த பெரிய வேலை. தழும்பின் மேல் முடி முளைக்காது. இரண்டு பக்கத்து முடியையும் நீளமாக விட்டு, நடுவில் கொண்டுவந்து படிய வைக்க வேண்டும். முப்பது வருஷமாகத் தினமும் காலையில் கண்ணாடி முன்னால் அந்த வேலை நடக்கிறது. சலூனில் கன்னத்தை மழிக்கலாம், தலைமுடி வெட்டலாம், மேலுதட்டுப் பக்கம் கத்தி வரக்கூடாது. பட்டறையில் அவருக்கு மீசைக்காரர் என்றே பெயர். மூளி என்ற பெயரை மலையிலேயே புதைத்துவிட்டதாக அவர் நினைத்திருந்தார்.

வள்ளிக்கண்ணுக்கு மட்டும் தெரியும். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் தெரியாமல் போகுமா. ஆனால் அவர் பேசாததை அவளும் பேசியதில்லை.

இந்த லட்சணத்தில்தான் மனுஷர் மீசையைப் பந்தயம் வைத்தார்.

அவருக்குப் பேஸ்பால் தெரியாது என்றும் சொல்ல முடியாது. போன வருஷம் ரஞ்சனி, "ஒரு கட்டம் இருக்கும்பா, கண்ணுக்குத் தெரியாது. அகலம் ஒன்றரை அடிக்கு ஒரு அங்குலம் கம்மி. உயரம் அடிக்கிற பொண்ணோட முழங்காலேருந்து நெஞ்சு வரைக்கும். அதுக்குள்ள போடணும்" என்று விளக்கியபோது, கண்ணுக்குத் தெரியாத கட்டம் என்பது அவருக்குப் பிடிக்கவில்லை. மறுநாளே ஆறு எம்.எம். கம்பியில் அளவெடுத்து ஒரு சட்டம் பற்றவைத்து, கால் வைத்து, வீட்டுக்குப் பின்னால் சந்தில் நிறுத்திவிட்டார். ரஞ்சனி தினமும் காலையில் அந்தச் சட்டத்துக்குள் பந்து வீசினாள். கம்பியில் பட்டால் டங்கென்று சத்தம் வரும். வரவர அந்தச் சத்தம் குறைந்துகொண்டே வந்ததைப் பிச்சை காதில் வாங்காமல் இருந்ததுதான் அவர் செய்த தப்பு.

வெள்ளிக்கிழமை முதல் ஆட்டம். டவுன் நாலு, தீவு ரெண்டு.

பட்டறையில் கூட வேலை பார்க்கும் மன்சூருக்குத்தான் முதலில் செய்தி வந்தது. ரஞ்சனியே போன் செய்திருந்தாள். பந்தயத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் பட்டறை இரண்டாகப் பிரிந்தது. மீசை போகும் என்று பாதிப் பேர், போகாது என்று பாதிப் பேர், தோற்கிறவர்கள் எல்லாருக்கும் டீயும் வடையும் வாங்கித்தர வேண்டும். மன்சூர் பெட்டிக்கடையில் ஒரு புது பிளேடு வாங்கி வந்து, பிச்சையின் மேஜை மேல் மரியாதையாக வைத்தார்.

"இருக்கட்டும்ணே. ஞாயித்துக்கிழமை கடை இருக்குமோ இருக்காதோ."

"பாய், இன்னும் ரெண்டு மேட்ச் இருக்கு" என்று பிச்சை தோள்துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி ஸ்ரீரங்கம் போனார். மகள் விளையாடி அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வேலியோரம் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். மைதானத்தில் சட்டம் இல்லை, ஆனால் அளவெடுத்த ஆளுக்கு அது தெரிந்தது. ரஞ்சனியின் பந்து அன்றைக்கு அதற்குள் போகவில்லை. வெளியே போனது, மேலே போனது, தரையில் விழுந்தது. ஒவ்வொரு பந்து தவறும்போதும் பிச்சைக்கு மூச்சு கொஞ்சம் இலகுவாக வந்தது. தீவு ஏழு, டவுன் மூணு. "அப்பாடா" என்றார், வாய்விட்டே.

பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், நெற்றியில் திருமண், "நம்ம காலேஜ் குழந்தைகள் ஜெயிச்சுட்டா, இல்லையோ?" என்று சந்தோஷமாகக் கேட்டார். பிச்சை ஆமாம் என்று தலையாட்டினார். ஆட்டிய பிறகுதான் உறைத்தது. பெற்ற மகள் தோற்றதற்கு அப்பாடா என்று சொன்ன மனிதனை அவர் அதுவரை பார்த்ததில்லை. தன்மேல் அருவருப்பாக இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் ரஞ்சனி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கிளவை மடியில் வைத்து அதன் வாரை இறுக்கினாள், தளர்த்தினாள், மறுபடி இறுக்கினாள். பாலத்தில் ஏறும்போது சொன்னாள்:

"நாளைக்கும் தோத்துட்டா இதை ஜூனியர் பொண்ணு ஒருத்திக்குக் குடுத்துடறேன்பா. அவங்க வீட்ல புதுசு வாங்க முடியாது."

"அது சும்மா பேச்சுக்குச் சொன்னது."

"இல்லப்பா. பந்தயம்னா பந்தயம். நீங்களும் வாக்கு மாற மாட்டீங்கல்ல."

பிச்சை காவேரியைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்று சாயங்காலம் வள்ளிக்கண்ணு காபியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏங்க, நான் அவகிட்டச் சொல்லிடட்டுமா? காரணம் தெரிஞ்சா விட்டுடுவா."

"என்னன்னு சொல்லுவ?"

"இருக்கிறதைச் சொல்றேன்."

"அவளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கணும் வள்ளி. பரம்பரையா வருமான்னு கேப்பாங்க. அவ பிள்ளைக்கு அப்படி வந்தா, கிரகணத்துல என்ன பண்ணேன்னு அவளைக் கேப்பாங்க. எங்கம்மாவைக் கேட்டாங்களே, அது மாதிரி."

வள்ளிக்கண்ணு காலி டம்ளரை எடுத்துக்கொண்டாள். "கேட்டா கேக்கட்டும்" என்று எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பொதுவான மைதானத்தில். காளான் மாதிரி குடைகள் முளைத்த வெயில். பிச்சை வள்ளிக்கண்ணையும் கூட்டிக்கொண்டு போனார். யார் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தார் என்று கேட்டால், அவருக்கே தெரியாது. மீசையைத் தொட்டால் மகள் தோற்கட்டும் என்று இருந்தது. மகளின் மடியில் கிடந்த கிளவ் நினைவுக்கு வந்தால் மீசை போனால் போகட்டும் என்று இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

கடைசி இன்னிங்ஸ். டவுன் மூணு, தீவு ரெண்டு. தீவுக்காரப் பெண்கள் இருவர் அவுட், இன்னும் ஒருத்தியை வீழ்த்தினால் கோப்பை. ஆனால் ஒரு பெண் மூன்றாவது பேஸில் ஓடத் தயாராக நிற்கிறாள், அடிக்க வந்தவளோ முந்தின நாள் ரஞ்சனியின் பந்தை வேலிக்கு அனுப்பியவள். சட்டத்துக்குள் இரண்டு போட்டாயிற்று, வெளியே மூன்று போயிற்று. மூன்றாவதும் உள்ளே விழுந்து அவள் தவறவிட்டால் அவுட், இனி எல்லாம் ஒரு பந்தில். ரஞ்சனி பந்தைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் பிச்சைக்கு மீசை நினைவே வரவில்லை. ஆறு எம்.எம். கம்பி, நாலு மூலை, கீழ் இடது மூலையில் கொஞ்சம் அதிகமாகப் பற்றவைத்திருந்த மொட்டு, அதுதான் தெரிந்தது. "அந்த மொட்டுக்கு மேல போடு" என்று முணுமுணுத்தார். வள்ளிக்கண்ணு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

பந்து மொட்டுக்கு மேலேதான் போனது. மட்டை காற்றில் சுற்றியது.

டவுன் பெண்கள் ஓடிவந்து ரஞ்சனியின் மேல் விழுந்தார்கள். எல்லாரும் வாயை அகலத் திறந்து கத்தினார்கள், சிரித்தார்கள். பல் தெரிந்தது, தொண்டை தெரிந்தது. நடுவில் ரஞ்சனி மட்டும் கிளவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

பிச்சை அதை இத்தனை வருஷமும் வெட்கம் என்றே நினைத்திருந்தார். பெண்பிள்ளை, அடக்கம் என்று உள்ளூரப் பெருமைகூட உண்டு.

ரஞ்சனி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அப்பா, மீசையெல்லாம் வேணாம்பா. மன்சூர் மாமா சும்மா உசுப்பிவிட்டாங்க. நீங்க மீசை இல்லாம எப்படி இருப்பீங்களோ." மறுபடியும் கிளவ் வாய்க்குப் போயிற்று.

"ஏம்மா வாயை மூடிக்கிட்டே சிரிக்கிற?"

"தெரியலப்பா. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். உங்களைப் பார்த்துப் பழகிட்டேன்னு அம்மா சொல்லும்."

பிச்சை வள்ளிக்கண்ணைப் பார்த்தார். அவள் வேறெங்கோ பார்த்தாள். உதட்டில் வராதது கையில் வந்திருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

"நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க. நான் வந்துடறேன்" என்றார்.

முடிதிருத்தும் ரெங்கராஜ் பன்னிரண்டு வருஷமாக அவருக்கு வேலை செய்கிறவர். மீசையை எடு என்றதும் இரண்டு முறை கேட்டார். ஒரு பக்கம் கத்தரித்ததும் கை நின்றது. கண்ணாடியில் பிச்சையின் கண்ணைப் பார்த்தார். "அண்ணே, இத்தோட விட்டுடவா?"

"எடுப்பா. பாதியோட எப்படி நடந்து போறது."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். மேலுதட்டில் காற்று பட்டது. முப்பது வருஷமாகப் படாத காற்று. ரஞ்சனி கதவைத் திறந்தாள். முதலில் சிரிக்கப் போனாள். அப்புறம் பார்த்தாள். கிட்ட வந்து பார்த்தாள். பிச்சை குனியவில்லை.

"இது எப்பப்பா பட்டது?"

"பட்டது இல்லம்மா. பொறப்பு."

உட்கார்ந்து சொன்னார். கிரகணத்தைச் சொன்னார், மரவள்ளிக் கிழங்கைச் சொன்னார், அம்மா அழுததைச் சொன்னார். மூளி என்ற சொல்லையும் சொன்னார், கொஞ்சம் திணறித்தான். கடைசியில், இவ்வளவு சொன்னதற்கு அப்புறம் இதை மட்டும் விடுவானேன் என்பதுபோல் சொன்னார்:

"நீ பொறந்தப்ப நர்ஸம்மா துணியில சுத்தித் தூக்கிட்டு வந்து குடுத்தாங்க. நான் முதல்ல உன் உதட்டைத்தான் பார்த்தேன். அது நல்லா இருந்துச்சு. அதுக்கப்புறம்தான், பொண்ணா பையனான்னே கேட்டேன்."

ரஞ்சனிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கை தானாக வாய்க்குப் போனது. பிச்சை அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். பந்து பிடித்துக் காய்த்துப்போன கை. அதை விடாமல் தன் மடியில் வைத்துக்கொண்டு, "இப்படியே சிரி, நான் பார்க்கிறேன்" என்றார்.