போட்டுப் பார்த்துட்டுப் போங்க

விரலை மடக்கிச் சுவரைத் தட்டிக்கொண்டே வந்தவர் மூன்றாவது வரிசை டைலில் நின்றார். "டொக்கு டொக்குங்குது பாருங்க," என்றார். யாரிடமும் இல்லை, சுவரிடம்தான். காதோரம் செருகியிருந்த சாக்கட்டியை எடுத்து அந்த டைலின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். துணியில் கோடு போடுகிற, சோப்புச் சில்லு மாதிரியான தட்டை நீலச் சாக்கட்டி. பெருக்கல் குறி என்றால் பிரித்துத் திரும்பச் செய்ய வேண்டும். ஒற்றைக் கோடு என்றால் பிசிறு வெட்ட வேண்டும். வட்டம் என்றால் யோசிக்க வேண்டும். புதிதாகக் கட்டிய அந்தக் குளியலறையில் வட்டம் ஒன்றுகூட இல்லை. யோசித்து முடித்துவிட்டுத்தான் அவர் சாக்கட்டியையே கையில் எடுப்பார்.

தெருவுக்கே அவர் டெய்லரக்கா. வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேஜை, ஆளுயரக் கண்ணாடி, மூலையில் ஒரு பச்சைத் திரை. பள்ளிச் சீருடையோ ஆபீஸ் பேன்ட்டோ, எதை வாங்க வந்தாலும் அந்தத் திரைக்குப் பின்னால் போகாமல் யாரும் வெளியேற முடியாது. "போட்டுப் பார்த்துட்டுப் போங்க." பஸ்ஸுக்கு நேரமாச்சு, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், நீங்கள் தைத்தால் எதற்குப் பார்க்கணும் என்ற சாக்குகள் எதுவும் எடுபடாது. போட்டுக்கொண்டு சும்மா நின்றாலும் விடமாட்டார். கையைத் தூக்கணும், குனியணும், உட்கார்ந்து எழுந்திருக்கணும். "நின்னா எல்லாச் சட்டையும் அழகாத்தான் இருக்கும். குனியுங்க, அப்பத்தான் என் லட்சணம் தெரியும்" என்பார். தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஒரு வங்கி மேனேஜர் அந்தத் திரைக்குப் பின்னால் ஐந்து முறை உட்கார்ந்து எழுந்து, மூச்சு வாங்க, நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

கடையில் இன்னொரு சட்டமும் உண்டு. துணி இல்லாமல் மெஷினை யாரும் ஓட்டக் கூடாது. "சும்மா ஓட்டினா அடியில இருக்கிற பல்லு தேஞ்சு போயிடும். சும்மா ஓடுற மெஷினைப் பார்த்தாலே எனக்கு ஆகாது." இந்தச் சட்டத்தை மீறுகிற ஒரே ஆள் அக்காவின் வீட்டுக்காரர். பொழுது போகாதபோது பக்கத்தில் உட்கார்ந்து சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிடுவார். உடனே அக்காவின் கஜ நீள மர அடிக்கோல் அவர் கையை நோக்கி வரும். படாது, வரும் அவ்வளவுதான்.

அவர் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். ஒரு கீறல் இல்லை, ஒரு புகார் இல்லை. டிப்போவில் நிறுத்தியிருந்த பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படியில் கால் வழுக்கி முழங்கால் நொறுங்கிவிட்டது. "ஓடுற வண்டியில விழுந்திருந்தாலாவது சொல்லிக்கலாம். நின்ன வண்டியில விழுந்தேங்க" என்று பார்க்க வருகிறவர்களிடம் அவரே சொல்லிச் சிரிப்பார். வலது கால் இப்போது மடங்காது. நாலு கால் வாக்கரைப் பிடித்துத்தான் நடை. அதற்கு 'புது வண்டி' என்று பெயர் வைத்திருக்கிறார். அறைக்கு அறை திரும்பும்போது வாயாலேயே ஹாரன் அடிப்பார்.

வாய் ஓயாத அந்த மனிதர் குளியலறைக்குள் போனதும் ஊமையாகிவிடுவார். பழைய குளியலறை இடுக்கு. வாசலில் உயரமான படி. எட்டு மாதமாக அக்காதான் கூடவே போய், பிடித்து உட்காரவைத்து, முதுகு தேய்த்து, துவட்டிக் கூட்டிக்கொண்டு வந்தார். அவ்வளவு நேரமும் அவர் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் ஈரத் தலையோடு வெளியே வந்து கட்டிலில் உட்கார்ந்ததும், "உள்ள போகணும், தாழ்ப்பாள் போடணும், வெளிய யாரும் நிக்கக் கூடாது. எனக்கு அது போதும்" என்றார். அக்கா கையிலிருந்த துண்டைப் பிழிந்தார். ஏற்கெனவே பிழிந்த துண்டுதான். அந்த வாரமே கான்ட்ராக்டருக்கு ஆள் அனுப்பினார்.

வந்தவருக்கு வீட்டுக்காரர் மூன்றே நாளில் பெயர் வைத்துவிட்டார்: 'ஆயிடும்.' எதைக் கேட்டாலும் அதுதான் பதில். டைல் எப்போ வரும்? "ஆயிடும் அக்கா." கொத்தனார் ஏன் வரலை? "ஆயிடும் அக்கா." நாற்பது வயது, இரண்டு போன், தலைமேல் ஏற்றிவிட்ட கறுப்புக் கண்ணாடி. வந்ததும் வீட்டில் எங்கே காற்று வருகிறது என்று கண்டுபிடித்து அங்கே போய் உட்காருவார். நல்ல மனிதர்தான், கேட்டால் தண்ணீர் லாரிக்குக்கூடச் சொல்லிவிடுவார். வேலை மட்டும்தான் செய்ய மாட்டார்.

செய்ததும் எப்படி? லைட் சுவிட்ச் கதவு வரப்போகிற இடத்துக்குப் பின்னால் இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால்தான் விளக்குப் போடலாம், அதற்குள் இருட்டிலேயே பாதிக் குளியல் முடிந்துவிடும். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர் வந்தது. சோப்பு மாடத்தை எட்டுவதற்கு அக்கா எம்பிக் குதிக்க வேண்டியிருந்தது. "ஒட்டகச்சிவிங்கிக்கா தம்பி கட்டுறீங்க?" என்று கேட்டார். "மாத்திடலாம் அக்கா, ஆயிடும்."

தரை போட்டு முடித்த அன்று 'ஆயிடும்' ரசமட்டத்தை எடுத்துக் காட்டி, வாட்டம் அம்சமாக இருக்கிறது, தண்ணீர் ஓடி வந்து வடிகால் மூடியான ஜாலியில் விழும் என்றார். அக்கா போய்க் கடையிலிருந்து ஒரு வெள்ளை நூல்கண்டை எடுத்துவந்து ஷவருக்குக் கீழே வைத்தார். அது ஒரு நொடி யோசித்தது. பிறகு ஜாலியை ஏறெடுத்தும் பார்க்காமல் கடந்து, வாசலைத் தாண்டி, கூடம் முழுக்க நூலை விட்டுக்கொண்டே உருண்டு, கட்டிலில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரின் காலடியில் போய் நின்றது. அவர் அதைக் குனிந்து பார்த்து, "நம்ம வீட்டுப் பொருள்ல, அதான் வழி தெரிஞ்சு வருது" என்றார்.

'ஆயிடும்' தலையைச் சொறிந்தார். மறுநாள் அவர் ஆட்கள் வந்து தரையைத் தொடவே இல்லை. தண்ணீர் வெளியே வரக் கூடாது, அவ்வளவுதானே? வாசலில் மூன்று விரல் உயரத்துக்கு ஒரு சிமென்ட் வரப்பைக் கட்டி, அதன் மேல் அழகாக டைலும் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

"இனி ஒரு சொட்டு வெளிய வராது அக்கா."

"தண்ணி வராது சரி. அவரு உள்ள போவாரா?"

"ஆயிடும் அக்கா, பழகிடும்."

அக்காவுக்கு அன்று பற்றிக்கொண்டு வந்தது. அதைவிட எரிச்சல், வீட்டுக்காரர் கான்ட்ராக்டருக்குப் பரிந்து பேசியது. "விடும்மா, பாவம். அவனுக்கும் நாலு இடத்துல வேலை நடக்குது."

"ஏங்க, நீங்க இப்படித்தான் பஸ் ஓட்டினீங்களா? பிரேக் பிடிக்கலையான்னு கேட்டா ஆயிடும்னு சொல்லிட்டு?"

அக்கா நேராகப் போய் வரப்பின் மேல் இரண்டு பெருக்கல் குறி போட்டார். ஒன்று போதவில்லை.

அதற்குப் பிறகு கதவும் வந்தது. கதவைப் பார்த்ததும் அக்காவின் கோபம் முழுவதும் அதன் பக்கம் திரும்பியது. வாக்கர், கதவு நிலையின் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு நின்றது. கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்து அளந்தார். இருபத்து நாலு. எழுதிக் கொடுத்தது இருபத்து நாலரை. "அரை இஞ்சை முழுங்கிட்டாரு!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அந்த வாரம் சட்டை வாங்க வந்தவர்கள் எல்லோரும் அந்த அரை இஞ்சின் கதையையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

சனிக்கிழமை 'ஆயிடும்' வந்து, வேலை முடிந்துவிட்டது என்று அறிவித்தார். சுவரெல்லாம் நீலக் குறிகள். அவர் கண்ணுக்கு அதெல்லாம் படவில்லை.

"முடிஞ்சுதா? ரொம்ப சந்தோஷம்" என்றார் அக்கா. "போட்டுப் பார்த்துட்டுப் போங்க."

"எதை அக்கா?"

"நீங்க தைச்சதைத்தான்."

அக்கா அந்த நீள அடிக்கோலைக் கான்ட்ராக்டரின் வலது காலோடு வைத்து, வெட்டுத் துணிப் பட்டைகளால் தொடையிலிருந்து கணுக்கால் வரை சுற்றிக் கட்டினார். தையற்காரி கட்டினால் கேட்கவா வேண்டும், இம்மி நகராது. கையில் வாக்கரைக் கொடுத்தார். 'ஆயிடும்' சிரித்துக்கொண்டே கிளம்பினார். "ஹாரன் அடிச்சுட்டுப் போங்க தம்பி" என்று கட்டிலிலிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்.

வாசலில் வாக்கர் மாட்டிக்கொண்டது. சாய்த்துத் தூக்கி ஒருவழியாக உள்ளே தள்ளினார். மடங்காத காலை வரப்புக்கு மேல் தூக்க முயன்றபோது நுனி தட்டியது. உடம்பு முன்னே சாய, சுவரிலிருந்த கைப்பிடியைத் தாவிப் பிடித்தார். கைப்பிடி அவரோடு வந்தது. அது மாட்டியிருந்த இரண்டு டைலும் கூடவே வந்தன. நல்லவேளை, அக்கா முன்யோசனையோடு போட்டுவைத்திருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். கையில் கைப்பிடி, முகத்தில் அசடு.

யாரும் சிரிக்கவில்லை. அந்த ஸ்டூல் இல்லாமல் அங்கே யார் விழுந்திருப்பார் என்பது மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது. அக்கா சாக்கட்டியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

'ஆயிடும்' மெதுவாகச் சொன்னார்: "அக்கா, டைல் என் தப்பு. கைப்பிடி என் தப்பு. வாட்டம், இந்த வரப்பு, எல்லாமே என் தப்பு. ஆனா கதவு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். நீங்க கைப்பட எழுதிக் குடுத்த அளவு."

"எழுதினது இருபத்து நாலரை. வெச்சது இருபத்து நாலு."

அவர் இடுப்பிலிருந்து இரும்பு டேப்பை இழுத்து நிலையில் வைத்தார். இருபத்து நாலரை. நூல் பிசகவில்லை. அக்கா தன் டேப்பை வைத்தார். இருபத்து நாலு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வெட்டு மேஜைக்குப் போய், இரண்டு டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்துப் பார்த்தார்கள். பதினைந்து வருடமாக அக்கா கழுத்தில் தொங்கி, ஆயிரம் இடுப்பைச் சுற்றி இழுபட்ட துணி டேப் அது. இருபத்து நாலு இஞ்சுக்குள்ளேயே இரும்பு டேப்பைவிட அரை இஞ்ச் நீண்டு, இருபத்து நாலரையை இருபத்து நாலாகக் காட்டியது.

இத்தனை வருடம் யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணமும் அந்த மேஜையிலேயே இருந்தது. உடம்பை அளந்ததும் அதே டேப், துணியை வெட்டியதும் அதே டேப். அங்கே விட்டதை இங்கே பிடித்துக்கொண்டது. எல்லோருக்கும் சட்டை கச்சிதமாக இருந்தது. வாக்கரை அக்கா தன் டேப்பால் அளந்து, அரை இஞ்ச் லூஸ் விட்டு எழுதிக் கொடுக்க, வேறொருவர் வேறொரு டேப்பால் கதவு வைத்தபோதுதான் விட்ட லூஸ் காணாமல் போனது.

'ஆயிடும்' காத்திருந்தார். சண்டை வரும் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. அக்காவுக்குத் தெரு முழுக்கச் சொன்ன கதை நினைவுக்கு வந்திருக்க வேண்டும், காதெல்லாம் சிவந்துவிட்டது. பிறகு சாக்கட்டியை எடுத்துத் தன் டேப்பின் மேலேயே ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"இது என் தப்பு தம்பி. எல்லார்கிட்டயும் நானே சொல்லிடறேன். கதவையும் சேர்த்துப் பிரிச்சிடுங்க."

அவர் வழக்கமான அந்தச் சொல்லைச் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். "பிரிச்சுச் செஞ்சிடறேன் அக்கா" என்றார்.

அடுத்த இரண்டு வாரமும் தினமும் நேரில் வந்தார். காற்று வருகிற இடத்தில் உட்காரவில்லை. தரையை உடைத்துப் போட்ட அன்று அவரே வந்து, "அந்த நூல்கண்டைக் கொஞ்சம் குடுங்க அக்கா" என்று கேட்டு வாங்கிப் போனார். அது உருண்டு சமர்த்தாக ஜாலியில் போய் நின்றது. கைப்பிடியில் இரண்டு கையாலும் தொங்கி, காலை மடக்கிக்கொண்டு பத்து வரை எண்ணினார். கடைசியில் அடிக்கோலையும் கேட்டு வாங்கிக் காலில் கட்டிக்கொண்டு, வாக்கரோடு மூன்று முறை உள்ளே போய் வந்தார். ஈரத் துணியால் நீலக் குறிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். அக்கா பின்னாலேயே நின்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். தெருவில் கதவு பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம், "டேப் என்னுது, தப்பும் என்னுது" என்று சொல்லி முடித்திருந்தார்.

திங்கட்கிழமை காலை வீட்டுக்காரர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அக்கா எழுந்தார். "நீ எங்க வர்ற?" என்றார் அவர். வாசலில் ஒரு ஹாரன். வாக்கர் எங்கும் இடிக்காமல் நுழைந்தது. கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

அக்கா கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். நிற்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்து, அடிமேல் அடிவைத்து நடந்து கடைக்குப் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். உள்ளே தண்ணீர் விழுந்தது. ஏதோ கீழே விழுந்தது. பாதி எழுந்தார். சோப்பு டப்பாதான், அவர் அதைத் திட்டுவது கேட்டது. உட்கார்ந்தார்.

"என்ன, மெஷின் சத்தத்தையே காணோம்?" உள்ளிருந்து குரல் வந்தது. "வாசல்லதானே நிக்கிற?"

"யாரு நின்னா? நான் யூனிஃபார்ம் தைச்சுட்டிருக்கேங்க!"

அக்கா மிதிகட்டையை மிதித்தார். மெஷின் கடகடவென்று ஓடியது. காதைக் குளியலறைப் பக்கம் சாய்த்துக்கொண்டு, அவர் குளித்து முடிக்கும்வரை மிதித்துக்கொண்டே இருந்தார். ஊசிக்குக் கீழே துணி இல்லை.