அம்சவள்ளியின் பெரட்டுப் பாட்டு

குமட்டுகிறது. வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பாடாங் செராயில் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை கூடும்போதெல்லாம் ஏதாவது ஒரு கடை ஒலிபெருக்கியில் அம்சவள்ளியின் குரல் கேட்கும். பாடியவள் பக்கத்துக் கடையில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருப்பாள். கேட்கிறவனுக்கு அது தெரியாது. தெரிந்தால் மட்டும் என்ன கிழித்துவிடப் போகிறான்?

கரங்கான் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் எங்களுக்கென்று இசைக்குழு இருந்தது. அம்சவள்ளி பாடுவாள். அவள் அண்ணன் காளிதாசன் டிரம்ஸ். நான் பேஸ் கிட்டார். காளிதாசனுக்கு ஃபங்க் பைத்தியம். பினாங்குக் கடைகளில் அமெரிக்கக் கறுப்பர்களின் பழைய இசைத்தட்டுகளைத் தேடி வாங்கி வந்து, ஊசி தேயத் தேயக் கேட்பான். “பாட்டுன்னா காலு சும்மா நிக்கக் கூடாதுடா தர்மா” என்பான். அந்த வெறியில் பிறந்ததுதான் எங்கள் பெரட்டுப் பாட்டு.

விடியற்காலையில் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். கிராணி, அதாவது தோட்டத்துக் குமாஸ்தா, பேரைச் சொன்னதும் “வந்தேன்யா” என்று குரல் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கு வேலை கிடையாது. அம்சவள்ளியின் அம்மா மருதம்மாள் பால்மரக் காட்டிலேயே சுருண்டு விழுந்து செத்தவர். காரியம் முடிந்து மகள் வேலைக்குப் போன முதல் நாள், கிராணி பழக்கதோஷத்தில் மருதம்மாள் பேரைக் கூப்பிட்டுவிட்டார். அம்சவள்ளிதான் “வந்தேன்யா” என்றாள்.

அதைத்தான் பாட்டில் வைத்தோம். நடுவில் எல்லா வாத்தியமும் நின்றுவிடும், காளிதாசனின் டிரம்ஸ் மட்டும் ஓடும். அதன் மேல் அவள் “மருதம்மா!” என்று கூப்பிட்டு, அவளே “வந்தேன்யா” என்று பதில் சொல்வாள். ஒலிப்பதிவு முடிந்ததும் வெளியே போய் அழுதாள். கேசட் அதிகம் போகவில்லை. பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள், காளிதாசன் போய்ச் சேர்ந்தான், நான் லோரி ஓட்டினேன், அவள் லூனாஸில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள்.

பல வருஷம் கழித்துக் கிள்ளானில் ஒரு ராப் பையன் கையில் அந்தக் கேசட் சிக்கியது. அந்த இடத்தை மட்டும் வெட்டி, கம்ப்யூட்டரில் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்ட ஜனங்களின் கதையை அதன் மேல் சொன்னான். இதற்கு ஸேம்பிள் என்று பேராம். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் இருந்தது. அவனைப் பார்த்து இன்னொருவன், அவனைப் பார்த்து வேறொருவன். எனக்குத் தெரிந்து இங்கே தமிழில் ராப் பண்ண வந்தவர்களில் பாதிப் பேர் காளிதாசனின் டிரம்ஸ் அடியில்தான் நடை பழகினார்கள். நேற்றுப் பிறந்த பிள்ளைகள்கூட மேசையில் அதைத் தட்டுகின்றன.

அப்புறம் வந்தான் சசிதரன். கூலிம்காரன். குரல் மோசமில்லை, புத்திதான் சாக்கடை. அவன் ஒரு பெண்ணைப் படுக்கைக்கு அசிங்கமாக அழைப்பான், உடனே அம்சவள்ளியின் குரலில் “மருதம்மா!”, “வந்தேன்யா”. அவன் வரிகளை எழுத எனக்குக் கை கூசுகிறது. தொழிற்சாலைப் பஸ்ஸில் பையன்கள் அதைப் பாடிக் கண்ணடித்துக்கொண்டார்கள். பின்சீட்டில் அம்சவள்ளி உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கே என் வீட்டுக்கு வந்தாள். “தர்மண்ணே, எங்கம்மா படத்த நிமுந்து பாக்க முடியல. அவங்க பேர அந்தப் பாட்டுலேருந்து எடுத்துடணும். வேற ஒண்ணும் வேணாம். கூட வாங்க.”

போனோம். கூலிமில் ஒரு கடைவீட்டு மாடியில் அவன் ஒலிப்பதிவு அறை. சசிதரன் அவள் காலில் விழுந்தான். “ஆண்ட்டி, நீங்க லெஜண்ட் லா! நாங்கல்லாம் ஒங்க பாட்டக் கேட்டு வளந்தவங்க!” பேசும்போதெல்லாம் கைத்தொலைபேசியை அவள் பக்கம் நீட்டியபடியே இருந்தான். படம் எடுக்கிறான் என்று நினைத்தேன்.

“தம்பி, அது செத்துப்போன எங்கம்மா பேரு” என்றாள்.

அவன் சிரித்தான். “அது யாருக்கு ஆண்ட்டி தெரியப் போவுது? சவுண்டுதான் லா முக்கியம்.”

அவ்வளவுதான். “சீ! நீயெல்லாம் மனுசனாடா? ஒங்கம்மா பேரப் போட்டுப் பாடுடா பாப்போம். சீ!” அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. சசிதரன் தலையைத் தொங்கப்போட்டான்.

“சோரி ஆண்ட்டி. எடுத்துடறேன். சத்தியமா.”

எடுத்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்! பழைய பாட்டு எங்கேயும் கேட்கவில்லை. அம்சவள்ளி அம்மா படத்துக்குப் பூ வைத்தாள். பயல் முழுக்கக் கெட்டுப்போகவில்லை என்று நானும் நாலு பேரிடம் சொல்லித் தொலைத்தேன்.

போன மாதம் என் மகள் ரூபினியின் கல்யாண விருந்து, லூனாஸ் மண்டபத்தில். சாப்பாட்டு நேரத்தில் சசிதரனின் புதுப் பாட்டைப் போட்டார்கள். அதே டிரம்ஸ். அதே அசிங்கமான அழைப்பு. மருதம்மாள் பேர் இல்லைதான். அந்த இடத்தில் பாட்டுக்குள்ளிருந்து அம்சவள்ளி, “சீ! நீயெல்லாம் மனுசனாடா? சீ! சீ!” என்றாள். அன்றைக்கு அவன் எடுத்தது படமல்ல, குரல் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் காறித் துப்பியதை, வெட்கப்பட்டுச் சிணுங்குகிற மாதிரி வெட்டி ஒட்டியிருந்தான். மேசைக்கு மேசை என் சொந்தக்காரர்கள் கையை உயர்த்தி “சீ! சீ!” என்று கத்தினார்கள்.

பந்தியில் உட்கார்ந்திருந்த அம்சவள்ளி எச்சில் கையோடு எழுந்து மேடைக்கு முன்னால் போனாள். “சீ! நிறுத்துங்கடா!” என்று அலறினாள்.

“சீ!” என்று மண்டபமே சேர்ந்து பாடியது. கைதட்டினார்கள். ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடி வந்து மைக்கை அவள் வாயருகே பிடித்து, “இன்னொரு வாட்டி, ஆண்ட்டி!” என்றாள்.

அம்சவள்ளி வாயைப் பொத்திக்கொண்டாள்.