இளைக்கப் போய்க் கை நனைத்தது

கோயமுத்தூருக்கு வெளியே ஒரு நூல் மில்லில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்தபோது, பஞ்சுப் பொதி நிறுக்கும் தராசில்தான் என்னையும் நிறுத்தார்கள். இருநூற்றுப் பத்து ராத்தல். அரைப் பொதிக்கு மேலேயே வந்துவிட்டேன் என்று பொதி தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். டவுனில் இருந்த டாக்டர் சிரிக்கவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லப் போனவனிடம், இப்படியே போனால் இன்னும் ஐந்து வருஷம் தாங்கமாட்டாய் என்று சொல்லி ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். காலையில் ஒரு டம்ளர் மோர். மத்தியானம் ஒரு கரண்டி சோறும் கீரையும். ராத்திரி கோதுமைக் கஞ்சி. அதோடு தினம் இரண்டு மைல் நடை.

இதை எழுதியவர் ஒரு நாளாவது இப்படிச் சாப்பிட்டுப் பார்த்திருப்பாரா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு.

முதல் வாரம் வீம்பிலேயே ஓடிவிட்டது. இரண்டாவது வாரத்திலிருந்து உடம்பு என் பேச்சைக் கேட்பதை நிறுத்திக்கொண்டது. பதினொரு மணிக்கெல்லாம் சரக்குப் புத்தகத்தில் ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோகும். பெஞ்சில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியாது. யாராவது மெஷினுக்கு ஒரு பெல்ட் கேட்டு வந்தால் அவன் என் சொத்தைக் கேட்ட மாதிரி எரிந்து விழுவேன். இளைப்பது என்றால் வயிறு மட்டும் இளைக்கும் என்று நினைத்திருந்தேன். பொறுமை, ஞாபகம், வெட்கம் எல்லாம் சேர்ந்து இளைக்கும் என்று எவனும் சொல்லவில்லை.

“இப்பிடி வவுத்தக் காயப் போட்டுட்டு யாருக்குங்க சம்பாரிக்கறீங்க?” என்பாள் மனைவி. பதில் சொல்லக்கூடச் சோம்பலாக இருக்கும்.

எங்கள் ஒரே மகளுக்கு அப்போது பதினைந்து வயது. எட்டாவது பாஸ் செய்துவிட்டு, பள்ளிக்கூட டீச்சராக டிரெயினிங் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். ஆனியில் சேர வேண்டும், மனு எழுதியாகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் என் அண்ணன் பல்லடத்துப் பக்கமிருந்து ஒரு வரன் கொண்டுவந்தார். நல்ல தோட்டம், இரண்டு கிணறு. மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்க்காமலே வேண்டாம் என்றால் அண்ணனுக்கு மரியாதை இல்லை. போய்ப் பார்த்துவிட்டு, கை நனைக்காமல் திரும்பிவிடுவது என்று முடிவு செய்தேன். எங்கள் பக்கத்தில் வரன் பார்க்கப் போகிற வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், மோர் குடிக்கலாம். இலையில் உட்கார்ந்து சோற்றில் கை வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு வாயால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சாப்பிட்டுவிட்டு மறுத்தவன் வீட்டில் பிறகு யாரும் சம்பந்தம் வைக்கமாட்டார்கள்.

புறப்படும்போது மகள் வாசல்வரை வந்தாள். “ஏனுங்கப்பா, அங்க கை மட்டும் நனைச்சுப்போடாதீங்க.”

“ஊட்டுச் சோத்தையே உங்கறதில்ல, அங்க போயா உங்கப் போறேன்? நீ பயப்படாத கண்ணு” என்றேன். உண்மையிலேயே எனக்கு அன்று தைரியமாக இருந்தது. டாக்டர் கொடுத்த காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். வற்புறுத்தினால் எடுத்துக் காட்டலாம் அல்லவா?

சித்திரை வெயில். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அண்ணன் வண்டி பிடிக்கலாம் என்றார். நான்தான் அன்றைய இரண்டு மைல் கணக்குக் கழியட்டும் என்று நடந்தேன். காலையில் குடித்த மோர் எங்கே போனதோ தெரியாது. அவர்கள் தோட்டத்து வேலியைத் தாண்டியபோது மாட்டுக்கொட்டகை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்புறம் நான்தான் சாய்ந்தேன் என்று சொன்னார்கள்.

கண் விழித்தபோது கயிற்றுக் கட்டிலில் கிடந்தேன். மாப்பிள்ளையின் அம்மா கருப்பட்டி கரைத்த தண்ணீரை ஒரு சொம்பில் நீட்டினாள். குடித்தேன். இன்னொரு சொம்பு கேட்டுக் குடித்தேன். சிறிது நேரத்தில் தலைசுற்றல் நின்றது, பார்வை தெளிந்தது. அதோடு எழுந்து கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். யாரும் தப்பாக நினைத்திருக்கமாட்டார்கள்.

உள்ளே பருப்புக்கு நெய்யில் தாளித்த வாசம் வந்தது.

அந்த அம்மாள் நல்ல மனுஷி. தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். “சோறு போடட்டுங்களா? உங்களுக்குச் சம்மதமா இருந்தா மட்டும் சொல்லுங்க.”

அண்ணன் என்னையே பார்த்தார். அவள் என்ன கேட்கிறாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மகள் வாசலில் நின்று சொன்னதும் ஞாபகம் இருந்தது. ஒன்றரை மாசப் பசி அது. அந்த நிமிஷம் எனக்கு மகளும் வேண்டாம், மானமும் வேண்டாம், ஒரு இலைச் சோறு கிடைத்தால் போதும் என்று இருந்தது.

“போடுங்க” என்றேன்.

மூன்று தடவை சோறு வாங்கினேன். ஒவ்வொரு தடவையும் நெய் ஊற்றினார்கள். சாப்பிடச் சாப்பிட அழுகை வந்தது. காரம் என்று நினைத்துக்கொண்டு தயிரை அள்ளி வைத்தார்கள். இலையை மடிப்பதற்குள் அண்ணனும் மாப்பிள்ளையின் அப்பாவும் கல்யாணத்துக்கு மாசம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் தலையை ஆட்டினேன். ஒன்றரை மாசத்துக்குப் பிறகு வயிறு நிறைந்திருந்தது. தூக்கம்தான் வந்தது. பஸ் ஏற்றிவிட மாட்டுவண்டி கட்டி, ஒரு கூடைத் தேங்காயும் ஏற்றினார்கள். வழியெல்லாம் தூங்கினேன்.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. மகள் கூடையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“நனைச்சுட்டீங்களாப்பா?”

“மயக்கம் வந்துருச்சு கண்ணு. உழுந்துட்டேன்.”

அவள் பதறிப் போய் என் கையைப் பிடித்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அடி ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.

“மயக்கத்துல உண்டீங்களா, தெளிஞ்சதுக்கப்பறம் உண்டீங்களா?”

“தெளிஞ்சதுக்கப்பறந்தான்” என்றேன்.

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். ஒரு பொய் சொல்லக்கூட அன்று எனக்குத் தெம்பு இல்லை.