டிக்கெட் ஓட்டை

கல்முனைக்கு ரயில் வந்ததே இல்லை. ஆனாலும் அந்த ஊர் றபீக்கா வாழ்க்கைப்பட்டது ரயில்வே கிளார்க் ஸலாஹுதீனுக்கு. மட்டக்களப்புப் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் குடித்தனம்.

வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். கருங்கல் சுவர் ஒரு கை நீளத் தடிப்பு. டிக்கெட் அறைக்கு இரும்புத் தகடு அடித்த ஒரே கதவு. பிளாட்பாரப் பக்கம் வளைவாக ஓர் ஓட்டை. வெளியே அகலம், உள்ளே வர வரக் குறுகும். காசுப்பெட்டிக்கு யாருடைய கையும் எட்டக்கூடாதாம். சனங்களை எவ்வளவு நம்பியிருக்கிறான் பாருங்கள்!

போர்ட்டர் பூபாலசிங்கம் அந்த ஓட்டையைத் திட்டாத நாளில்லை. பார்சல் துண்டை நீட்டினால் முழங்கை உரசும். உளியால் அகட்டித் தருகிறேன் என்று நச்சரிப்பார். அரசாங்கச் சுவரில் கை வைக்காதே என்று ஸலாஹுதீன் தடுத்துவிடுவார்.

தொண்ணூறில் சண்டை மூண்டு ரயில் நின்றது. ஊருக்குப் போக வாகனம் தேடி ஸலாஹுதீன் வெளியே போயிருந்த பின்னேரம், தமிழ் ஆண்களைத் தேடித் துவக்குக்காரர் சிலர் தண்டவாளம் வழியே வந்தார்கள். ஓடிவந்த பூபாலசிங்கத்தை றபீக்கா டிக்கெட் அறைக்குள் இழுத்துக் கதவைத் தாழிட்டாள். அவர் ஓட்டைக்கு நேர் கீழே சுவரோடு ஒட்டிக் குந்தினார்.

கதவில் துப்பாக்கிப் பிடியால் இடித்தார்கள். தகடு அசையவில்லை. உள்ளே யார் என்று ஒருவன் கேட்டான்.

"நான் மட்டுந்தான் இரிக்கன். பூட்டுத் தொறப்பு எங்கட அவரோட பெயித்து."

அவன் ஓட்டை வழியே குனிந்து பார்த்தான். அவளுடைய முக்காடு மட்டும் தெரிந்திருக்கும். அதோடு விடவில்லை. கையை உள்ளே விட்டான். விரல்கள் விளிம்பைத் தாண்டி வளைந்து கீழே துழாவின. பூபாலசிங்கத்தின் தலைமயிருக்கு ஒரு சாண் இருந்தது. இன்னும் நுழைக்கப் பார்த்தான். தோள் சுவரில் முட்டியது. றபீக்காவுக்குக் கலிமா கூட வாயில் வரவில்லை. தூரத்தில் யாரோ விசில் அடிக்க, கை வெளியே போனது.

பிறகு ஸலாஹுதீன் கல்முனைக்குப் பக்கத்தில் சாய்ந்தமருதில் பலசரக்குக் கடை போட்டார். பாண்டிருப்பில் குடியேறிய பூபாலசிங்கம் அடிக்கடி வந்து போவார். தொண்ணூற்றேழில் ஒருநாள், ஸ்டேஷனை இடித்துக் கல்லெல்லாம் காவலரண் கட்ட ஏற்றிவிட்டார்கள் என்ற செய்தி கடைக்கு வந்தது. உன் சனியன் தொலைந்தது என்று பூபாலசிங்கத்தைப் பார்த்துச் சிரித்தார் ஸலாஹுதீன்.

பூபாலசிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. றபீக்கா கொடுத்த தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு அழுதார்.

"நான் உளி வாங்கி வெச்சிருந்தனான், தங்கச்சி. இவர்தான் விடல்ல."